இடுப்புவலிக்குப் பத்தாயிரம் ரூபாய்: நாற்காலியா, பெல்ட்டா, மெத்தையா, நடையா?

திருப்பூரில் பிசியோதெரபி பார்க்கும் என்னிடம் வாரம் தவறாமல் வரும் கேள்வி இது: "இடுப்புவலிக்குன்னு ஒரு பத்தாயிரம் ஒதுக்கி வெச்சிருக்கேனுங்க. நல்ல சேர் வாங்கறதா, மெத்தையை மாத்தறதா, இல்ல உங்ககிட்டயே பத்து நாள் வந்து கரண்ட் வெச்சுக்கறதா?" கேட்பவர்களில் ஏற்றுமதி ஆபீஸ் மெர்ச்சண்டைசர் உண்டு, வீட்டிலிருந்தே லேப்டாப்பில் வேலை பார்க்கும் ஐ.டி. பையன் உண்டு, பனியன் கம்பெனி டெய்லர் உண்டு, செக்கிங் டேபிளில் நாள் முழுக்க நிற்கும் பெண்கள் உண்டு. வலிக்கும் இடம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பணம் போக வேண்டிய இடம்தான் ஆளுக்கு ஆள் மாறும்.

என் வரிசையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடம்பைப் பழக்கும் வேலைக்கு முதல் பணம். இருக்கிற நாற்காலியையும் மேசையையும் சரிசெய்ய அடுத்த பணம். புது நாற்காலி அதற்குப் பிறகு. மெத்தை, நடுவில் குழிந்துபோயிருந்தால் மட்டும். பெல்ட்டுக்குப் பணமே வேண்டாம். விளம்பரங்கள் இதை அப்படியே தலைகீழாகச் சொல்கின்றன. அதனால்தான் ஒவ்வொன்றையும் எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் ஒன்று. சிலர் இந்த ஒப்பீட்டுக்குள்ளேயே வரக்கூடாது, நேரே மருத்துவரிடம் போக வேண்டும். சிறுநீர் போவதே தெரியவில்லை அல்லது அடக்க முடியவில்லை, மலம் கட்டுப்பாடில்லாமல் போகிறது, உட்காரும் இடத்திலும் தொடையிடுக்கிலும் மரத்துப்போகிறது, கால் பலமிழந்து பாதம் தொங்குகிறது என்றால் அன்றைக்கே மருத்துவமனை. மறுநாள் என்று தள்ளக்கூடாது. வலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, கீழே விழுந்தபின் வந்த வலி, நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை, இவையும் அப்படித்தான். முதுகெலும்பில் காசநோய் வருவது நம் நாட்டில் அரிதல்ல. இளவயதுக்காரருக்குக் காலையில் எழுந்ததும் அரை மணிக்கு மேல் விறைப்பு இருந்து, ஓய்வெடுத்தால் கூடி, நடமாடினால் குறைகிறது என்றால் அது மூட்டு அழற்சி நோயாக இருக்கலாம். மூட்டு வாத மருத்துவர் பார்க்க வேண்டும். எந்த நாற்காலியும் இவற்றைத் தீர்க்காது.

நிமிர்ந்து உட்கார்ந்தால் போதுமா?

"கூன் போடாதே, நிமிர்ந்து உக்காரு" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால் வலி வந்த உடனே உட்காரும் விதத்தின்மீது பழி போட்டுவிடுகிறோம். இந்த எண்ணத்துக்கு ஆதாரம்போல வந்து சேர்ந்தவை, ஸ்வீடன் எலும்பு அறுவை மருத்துவர் ஆல்ஃப் நாச்செம்சன் 1960களில் தொடங்கிச் செய்த அளவீடுகள். உயிருள்ள மனிதர்களின் முதுகெலும்பு ஜவ்வுக்குள் (எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க்) ஊசி செலுத்தி, உள்ளே எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று அளந்தார். நிற்கும்போது 100 என்று வைத்துக்கொண்டால் மல்லாந்து படுக்கும்போது 25, உட்காரும்போது 140, உட்கார்ந்தபடி முன்னால் குனிந்தால் 185. இந்த எண்கள் பாடப் புத்தகங்களில் ஏறின. உட்காருவதே ஆபத்து என்ற பேச்சின் வேர் இங்கேதான் இருக்கிறது.

1999இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் வில்கே என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் புதிய கருவியோடு அதே அளவீட்டைத் திரும்பச் செய்தார்கள். ஒரே ஒரு தன்னார்வலரின் ஜவ்வில், ஒரு நாள் முழுக்க. நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு). சாயாமல் உட்காரும்போது 0.46. நாற்காலியில் சரிந்து, ஹாயாகச் சாய்ந்து உட்கார்ந்தபோது 0.3 மட்டுமே. நாம் சோம்பேறித்தனம் என்று திட்டும் அந்த உட்கார்வில்தான் ஜவ்வுக்குச் சுமை குறைவு. 20 கிலோவை முதுகை வளைத்துத் தூக்கியபோது 2.3, முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7, அதே எடையை உடம்போடு ஒட்டிப் பிடித்தபோது 1.1.

ஒரே ஆளின் அளவை வைத்து ஊருக்கே சட்டம் எழுத முடியாது. அழுத்தம் வேறு, வலி வேறு என்பதும் உண்மை. ஆனாலும் இதிலிருந்து நான் நம்பி எடுத்துக்கொள்வது ஒன்று உண்டு: உட்கார்வதா நிற்பதா என்ற வித்தியாசம் சின்னது, எடையை எப்படிப் பிடித்துத் தூக்குகிறோம் என்ற வித்தியாசம் பெரியது. தண்ணீர் கேனையோ அரிசி மூட்டையோ கையை நீட்டி எட்டித் தூக்காமல், கிட்டே போய் வயிற்றோடு அணைத்துத் தூக்குவதற்குப் பைசா செலவில்லை.

இன்னொன்றும் என் அறையில் தினமும் பார்க்கிறேன். வலிக்குப் பயந்து, அணிவகுப்பில் நிற்பவர்போல விறைப்பாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு வலி கூடத்தான் செய்கிறது. முதுகெலும்பின் இரு பக்கமும் ஓடும் தசைகள் நாள் முழுக்க இறுகியே இருந்தால் சாயங்காலம் அவை வலிக்காமல் என்ன செய்யும்? அவர்களிடம் நான் சொல்வது, சாய்ந்துகொள்ளுங்கள் என்பதுதான். முதுகுத் தட்டில் முழு எடையையும் போடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள். வலியுள்ளவர்களையும் வலியில்லாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், இப்படி உட்கார்ந்தால்தான் வலி வரும் என்று ஒரே ஒரு வடிவத்தைக் கைகாட்ட முடியவில்லை. ஒரே நிலையில் அசையாமல் கழியும் மணிக்கணக்கு, பழக்கமில்லாத திடீர்ச் சுமை, தூக்கக்குறைவு, மனக்கவலை, முன்பு ஒருமுறை வந்துபோன வலி, இவை எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்கின்றன.

பெல்ட்

மருந்துக்கடையில் ஐந்நூறு, ஆயிரத்துக்குக் கிடைக்கிறது. கட்டிய உடன் பிடிமானமாக இருக்கும். அந்த நிம்மதி பொய்யில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட இடுப்புவலிக்கென வெளியிட்ட வழிகாட்டுதலில், வழக்கமான சிகிச்சையாகத் தரவேண்டாம் என்று சொன்ன பட்டியலில் இடுப்பு பெல்ட்டும் இருக்கிறது, இழுவை சிகிச்சையும் இருக்கிறது, ஓபியாய்டு என்னும் அபின் வகை வலி மாத்திரைகளும் இருக்கின்றன. அதே வழிகாட்டுதல் பரிந்துரைத்தவை: நோயைப் பற்றிய விளக்கமும் ஆலோசனையும், உடற்பயிற்சி, மசாஜ் போன்ற சில உடலியல் சிகிச்சைகள், மனநல அணுகுமுறை, தேவைப்பட்டால் அழற்சி குறைக்கும் மாத்திரைகள்.

ஆன்லைனில் விற்கும், தோளைப் பின்னால் இழுத்துக் கட்டும் பட்டையும் எனக்கு இதே கணக்குத்தான். போட்டிருக்கும்வரை இழுக்கும், கழற்றினால் தோள் பழைய இடத்துக்கே வரும். அறுவை சிகிச்சைக்குப் பிறகோ எலும்பு முறிவுக்கோ மருத்துவர் போடச் சொன்ன பெல்ட் வேறு விஷயம், அதைக் கழற்றிவிடாதீர்கள். வலி உச்சத்தில் இருக்கும் ஓரிரு நாளில் பஸ்ஸில் ஊருக்குப் போயே ஆகவேண்டும் என்றால் கட்டிக்கொண்டு போங்கள், இறங்கியதும் கழற்றிவிடுங்கள். வருஷக்கணக்கில் பெல்ட் இல்லாமல் வாசலைத் தாண்டப் பயப்படும் பெண்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு வருத்தமாக இருக்கும். முதுகு உடைந்துவிடும் பொருள் என்ற எண்ணத்தை அந்தப் பட்டை அவர்கள் மனதில் இறுகக் கட்டிவிடுகிறது.

புது நாற்காலியா, இருப்பதைச் சரிசெய்வதா?

லேப்டாப்காரர்களுக்கு இதுதான் முக்கியமான முடிவு. எட்டாயிரத்திலிருந்து பதினைந்தாயிரத்துக்குள் உயரம் மாற்றக்கூடிய, இடுப்புக்குத் தாங்கல் உள்ள நாற்காலி கிடைக்கிறது. அதை வாங்கி, டைனிங் டேபிள் முன்னால் போட்டு, அதே லேப்டாப்பை அதே மேசையில் வைத்து வேலை பார்ப்பவர்கள் ஒரு மாதத்தில் திரும்பி வருகிறார்கள். சிக்கல் நாற்காலியில் மட்டும் இல்லை. லேப்டாப்பில் திரையும் விசைப்பலகையும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. கைக்கு வசதியாக வைத்தால் கழுத்து குனியும். கண்ணுக்கு வசதியாக உயர்த்தினால் தோள் தூக்கும். எவ்வளவு விலையுயர்ந்த நாற்காலியிலும் அந்த ஆள் முன்னால் சரிந்துதான் உட்காருவார், முதுகுத் தட்டு பின்னால் சும்மா இருக்கும்.

ஆகவே முதலில் தனி விசைப்பலகை, தனி மவுஸ். இரண்டும் சேர்ந்து ஆயிரம், ஆயிரத்தைந்நூறுக்குள் முடிந்துவிடும். லேப்டாப்பைப் புத்தகங்களின் மேலோ ஸ்டாண்டின் மேலோ தூக்கி, திரையின் மேல் விளிம்பு ஏறக்குறைய கண் மட்டத்துக்கு வருமாறு வையுங்கள். இதைச் செய்த அன்றே உடம்பு தானாகப் பின்னால் சாயும்.

அடுத்தது கால். நம் ஊர்ப் பெண்களில் பலருக்கு ஐந்தடிதான் உயரம். டைனிங் டேபிளுக்கு ஏற்ற நாற்காலியில் உட்கார்ந்தால் குதிகால் தரையில் படாது, தொடையின் அடிப்பக்கம் விளிம்பில் அழுந்தும். காலை ஊன்ற உடம்பு முன்னால் நகரும். ஒரு மரப்பலகையோ இரண்டு செங்கல்லோ கால் வைக்கப் போதும். இருக்கையின் ஆழமும் பாருங்கள்: முதுகு தட்டில் ஒட்டியிருக்கும்போது முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவில் இரண்டு, மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் முதுகுக்குப் பின்னால் தலையணை வையுங்கள். கீழ் முதுகின் வளைவில் சுருட்டிய துண்டு ஒன்று வைத்தால், கடையில் விற்கும் தாங்கல் செய்யும் வேலையில் பெரும்பகுதியை அது செய்துவிடும். பிளாஸ்டிக் நாற்காலிக்கும் இது பொருந்தும்.

இத்தனையும் செய்து இரண்டு, மூன்று வாரம் பாருங்கள். அப்புறமும் நாற்காலிதான் குறை என்று தெரிந்தால் வாங்குங்கள். ஒரு நாளில் ஆறு, ஏழு மணிநேரத்துக்கு மேல் உட்கார்ந்தே ஆகவேண்டியவர்களுக்கு, உயரம் மாறும், பின்னால் சாயும் நாற்காலி நல்ல செலவுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வாங்கும்போது கடையில் ஐந்து நிமிடமல்ல, அரை மணி உட்கார்ந்து பாருங்கள். தலைத் தாங்கியையும் கலரையும் பார்க்காமல், மிகக் குறைந்த உயரத்துக்கு இறக்கினால் உங்கள் பாதம் முழுசாகத் தரையில் படுகிறதா என்று பாருங்கள். ஆன்லைனில் வாங்குபவர்கள் குறைந்தபட்ச இருக்கை உயரம் எத்தனை சென்டிமீட்டர் என்று படித்துவிட்டு, தங்கள் முழங்காலின் மடிப்பிலிருந்து தரைவரை டேப் வைத்து அளந்துகொள்ளட்டும்.

டெய்லர்களின் நிலை வேறு. ஓவர்லாக் மிஷின் முன்னால் முதுகுத் தட்டில்லாத ஸ்டூல். பீஸ் ரேட் என்பதால் எழுந்தால் கூலி போகும். ஒன்றரை ஷிப்ட் என்றால் பன்னிரண்டு மணிநேரம். அவர்களிடம் "அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்க" என்று சொல்வது அறிவுரையே ஆகாது. ஸ்டூலின் மேல் பஞ்சு மெத்தை கட்டி, முழங்கை மிஷின் பலகை மட்டத்துக்கு வரும்படி உயர்த்தச் சொல்கிறேன். பெடலை எட்டி மிதிக்காதபடி ஊசிக்கு நேர் கீழே கிட்டே இழுக்கச் சொல்கிறேன். ஊசிமுனை சரியாகத் தெரியாததால்தான் பலர் கவிழ்ந்து தைக்கிறார்கள்; மிஷின் விளக்கு எரியாவிட்டால் மாற்றித் தரும்படி கேளுங்கள், கண்ணாடி பவர் சரிதானா என்றும் பாருங்கள். ஒரு பண்டில் முடிந்ததும் அதைக் கைமடி (உதவியாள்) வந்து எடுக்கக் காத்திருக்காமல் நீங்களே எழுந்து கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிப் பின்னால் நான்கு முறை வளைந்துவிட்டு உட்காருங்கள். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. முதலாளிகள் படித்தால் ஒரு வேண்டுகோள்: முதுகுத் தட்டுள்ள ஸ்டூலின் விலை, வலியால் லீவு போடும் ஒரு நல்ல டெய்லரின் இரண்டு நாள் உற்பத்தியைவிடக் குறைவு.

நின்று வேலை பார்த்தால்?

நின்றபடி வேலை செய்யும் மேசை, நல்லதாக வேண்டுமென்றால் இருபதாயிரத்துக்கு மேல். உட்காருவது கெடுதல் என்ற பயத்தில் இதற்குப் போகிறார்கள். நின்றே இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்: செக்கிங் பெண்கள், ஜவுளிக்கடை விற்பனையாளர்கள், டிராபிக் போலீஸ். இடுப்புவலியோடு கால் நரம்புச் சுருட்டலும் அவர்களுக்குச் சேர்ந்தே வருகிறது. கடைகளில் நாள் முழுக்க நிற்கும் ஊழியர்களுக்கு உட்கார வசதி தந்தே ஆகவேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. கேரளம் அதற்கு முன்பே செய்திருந்தது. தொழிற்சாலைகளுக்கோ, 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவிலேயே, நின்று வேலை செய்பவர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார ஏற்பாடு வேண்டும் என்று இருந்தது. செக்கிங்கில் இருக்கும் பெண்களுக்கு இது தெரிந்திருப்பதில்லை. ஆகவே இதை நான் வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மாறி மாறி உட்காரவும் நிற்கவும் முடிந்தால் நல்லது. அதற்கு மோட்டார் வைத்த மேசை தேவையில்லை. போன் பேசும் நேரமெல்லாம் எழுந்து நில்லுங்கள். நிற்பதே வேலை என்றால், ஒரு பாதத்தைச் சின்னப் பலகைமேல் வைத்துச் சில நிமிடத்துக்கு ஒருமுறை கால் மாற்றுங்கள். சமையல்மேடை முன்னால் நிற்பவர்களுக்கும் இதுவே. மேடை தாழ்வாக இருந்து குனிய வேண்டியிருந்தால், காய் நறுக்குவதையும் மாவு பிசைவதையும் டைனிங் டேபிளில் உட்கார்ந்து செய்யுங்கள். பாத்திரம் கழுவும்போது தொட்டிக்குள் கவிழ்த்த பாத்திரம் ஒன்றை வைத்து, அதன்மேல் இன்னொன்றை வைத்துக் கழுவினால் குனிவு குறையும்.

தரையில் சம்மணமிட்டு உட்காருவதை நான் தடுப்பதில்லை. சாப்பிட, பேச, பூக்கட்ட நன்றாக இருக்கும். கையூன்றாமல் எழுந்து உட்காருவதே இடுப்புக்கும் தொடைக்கும் பயிற்சி. இடுப்பு மூட்டு இறுகியவர்களுக்கு முதுகு உருண்டுவிடும், அவர்கள் மடித்த போர்வையின் விளிம்பில் உட்காரட்டும். மூட்டு தேய்மானம் உள்ளவர்களுக்கு வேண்டாம். தரையில் உட்கார்ந்து மடியில் லேப்டாப் வைத்து மூன்று மணிநேரம் என்பதை மட்டும் யாருக்கும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மெத்தையும் விடிகாலையும்

"கட்டாந்தரையில படுத்தா சரியாயிடும்" என்று வீட்டுக்கு ஒரு பெரியவர் சொல்வார். ஸ்பெயினில் 313 பேரை வைத்துச் செய்த ஆய்வொன்று 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நாட்பட்ட இடுப்புவலிக்காரர்களில் ஒரு பாதிக்கு மிகக் கெட்டியான மெத்தை, மறுபாதிக்கு நடுத்தரக் கெட்டி. மூன்று மாத முடிவில் நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்கள்தான் மேலாக இருந்தார்கள். தேங்காய் நார் மெத்தை பலகைபோல இறுகியிருந்தால் மேலே ஒரு மெல்லிய பஞ்சு மெத்தை விரியுங்கள். இலவம்பஞ்சு நடுவில் குழிந்திருந்தால் அடித்துத் திரும்பத் தைத்து வாங்குங்கள். பாயில் சுகமாகத் தூங்குபவர் மெத்தைக்கு மாற வேண்டிய அவசியமே இல்லை. பக்கவாட்டில் படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, அவ்வளவுதான்.

மெத்தையைவிட நான் அதிகம் பேச விரும்புவது எழுந்த பிறகு வரும் முதல் அரை மணியைப் பற்றி. இரவில் படுத்திருக்கும்போது ஜவ்வு நீரை உறிஞ்சி உப்புகிறது. உல்ம் அளவீட்டில் இரவு முழுக்கப் படுத்திருந்த ஆளின் ஜவ்வழுத்தம் 0.1இலிருந்து 0.24க்கு ஏறியிருந்தது. காலையில் நாம் ராத்திரியைவிடக் கொஞ்சம் உயரமாக இருப்பதும் இதனால்தான். உப்பியிருக்கும் ஜவ்வு குனிவைத் தாங்குவது கடினம். காலையில் முதுகை வளைத்துக் குனிவதைத் தவிர்த்த நாட்பட்ட வலிக்காரர்களுக்கு வலி குறைந்தது என்று அமெரிக்காவில் 1998இல் ஓர் ஆய்வு காட்டியது.

நம் வீட்டுப் பெண்களின் விடியற்காலையை எண்ணிப் பாருங்கள். எழுந்ததும் வாசல் பெருக்கல், சாணி தெளிப்பு அல்லது தண்ணீர் தெளிப்பு, இடுப்பிலிருந்து குனிந்து கோலம், குழாயில் தண்ணீர் வந்தால் குடம். நாளின் மிகக் கடினமான குனிவுகள் எல்லாம் முதுகு அவற்றுக்குத் தயாராகாத நேரத்தில் வரிசையாக வந்து நிற்கின்றன. வலியோடு வரும் பெண்களிடம் நான் முதலில் மாற்றச் சொல்வது இந்த வரிசையைத்தான். முதலில் அடுப்பைப் பற்றவைத்து நின்றபடி செய்யும் வேலைகள், கொஞ்சம் நடை; அரை மணி கழித்து வாசல். பெருக்க நீளப் பிடி வைத்த துடைப்பம். கோலத்துக்குச் சின்ன முக்காலியில் உட்கார்ந்து நகர்ந்து போடலாம், குந்த முடிந்தால் குந்தலாம்; பெரிய கோலம் வெள்ளிக்கிழமைக்கு மட்டும் இருக்கட்டும். குடத்தை ஒரே இடுப்பில் சுமக்காமல், பாதி பாதியாக இரண்டு கையிலும் வாளியாகத் தூக்கலாம். இந்த மாற்றத்தில் மட்டுமே வலி பாதியாகக் குறைந்தவர்கள் உண்டு. வீட்டில் உள்ள ஆண்கள் வாசலையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டால் இந்தப் பத்தியே தேவையில்லை.

நடை, யோகா, பிசியோ

ஆதாரம் கனமாக இருப்பது இங்கேதான். நாட்பட்ட இடுப்புவலிக்கு உடற்பயிற்சி பற்றி 249 ஆய்வுகளைத் திரட்டி 2021இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு (பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் மருத்துவத் தொகுப்பு), சிகிச்சை எதுவும் இல்லாததைவிடப் பயிற்சி வலியைக் குறைக்கிறது என்று காட்டியது. வலியை நூற்றுக்கு அளந்தால் ஏறக்குறைய 15 புள்ளி. மாயம் இல்லை, ஆனால் பெல்ட்டும் மெத்தையும் எட்டிப்பிடிக்காத அளவு.

நடையைப் பற்றி 2024இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. இடுப்புவலி வந்து குணமான 701 பேர். பாதிப் பேருக்குப் பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலோடு நடைத்திட்டம். ஆறு மாதத்துக்குள் வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி என்ற அளவுக்குப் படிப்படியாக ஏற்றினார்கள். மறுபாதிக்கு எதுவும் இல்லை. வலி திரும்பி வர, நடந்தவர்களுக்கு நடுமதிப்பாக 208 நாள் பிடித்தது. நடக்காதவர்களுக்கு 112 நாள். செருப்பைத் தவிர செலவில்லாத ஒன்று இவ்வளவு தருகிறது. ரோட்டில் நாய்த் தொல்லை, லாரி என்றால் மொட்டை மாடியில் நடங்கள். பத்து நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடமாகக் கூட்டுங்கள். முதல் நாளே ஒரு மணிநேரம் நடந்துவிட்டு மறுநாள் படுத்துக்கொள்வதில் பயனில்லை.

யோகாவா பிசியோவா என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவின் பாஸ்டனில் 320 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2017இல் வந்த ஆய்வில், யோகா வகுப்பு பிசியோதெரபிக்குக் குறைந்ததாக இல்லை. உங்களுக்கு எது தொடர்ந்து செய்யப் பிடிக்குமோ, எந்த வகுப்பு வீட்டுக்குப் பக்கமோ, அதை எடுங்கள். மாஸ்டரிடம் வலியைச் சொல்லிவிட்டே தொடங்குங்கள். கால்வரை இறங்கும் வலி உள்ளவர்கள், எந்த ஆசனத்தில் அந்த வலி இன்னும் கீழே இறங்குகிறதோ அதை உடனே நிறுத்த வேண்டும். வலி காலை விட்டு மேலேறி இடுப்பில் ஒதுங்கினால் அது பொதுவாக நல்ல அறிகுறி.

பிசியோவுக்குப் பணம் கொடுத்தால் என்ன வாங்குகிறீர்கள் என்று பார்த்து வாங்குங்கள். பத்து நாளும் படுக்க வைத்துக் கரண்ட் வைத்து, ட்ராக்‌ஷன் (இழுவை சிகிச்சை) போட்டு அனுப்பிவிட்டால் பதினோராம் நாள் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. முதல் நாள் உங்கள் வேலை என்ன, எந்த அசைவில் வலி என்று கேட்டுப் பார்த்து, இரண்டு மூன்று பயிற்சியாவது சொல்லிக்கொடுத்து, அடுத்த முறை அதைச் செய்துகாட்டச் சொல்பவரிடம் போங்கள். அப்படிப்பட்டவரிடம் நான்கைந்து அமர்வே போதுமானதாக இருக்கும், ஒரு வாரம் இடைவெளி விட்டு.

வலி திடீரென்று பிடித்த புதிதில் "படுத்தே இருங்க" என்ற அறிவுரையும் வேண்டாம். 1995இல் ஹெல்சின்கி நகர ஊழியர்களிடம் செய்த ஆய்வில், படுத்தவர்களைவிடவும் அப்போதே உடற்பயிற்சியில் இறங்கியவர்களைவிடவும், வலி தாங்கும் அளவுக்கு அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்கள்தான் சீக்கிரம் தேறினார்கள்.

ஸ்கேனுக்கு எடுத்து வைத்த பணம்

பத்தாயிரத்தில் பாதியைச் சிலர் எம்.ஆர்.ஐ.க்குக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். "எல்4, எல்5ல ஜவ்வு விலகியிருக்குங்க" என்று, கீழ் முதுகெலும்புகளின் எண்ணைச் சொல்லி ரிப்போர்ட்டை நீட்டும்போது அவர்கள் முகத்தில் இருக்கும் பயம் வலியைவிடப் பெரிது. இடுப்புவலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் வந்த ஆய்வு சொல்வது: இருபது வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு ஜவ்வுப் பிதுக்கம் இருந்தது, எண்பது வயதில் 84 சதவீதம் பேருக்கு. நரை விழுவதுபோல முதுகெலும்புக்குள்ளும் வயதாகிறது. மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இருந்தாலோ, கால் வலி வாரக்கணக்கில் குறையாமல் அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கும் நிலை வந்தாலோ ஸ்கேன் தேவை. மற்றவர்கள் அந்தப் பணத்தை வைத்திருக்கட்டும்.

பிரித்துச் சொன்னால்

லேப்டாப் வேலைக்காரருக்கு: விசைப்பலகை, மவுஸ், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்து இரண்டாயிரம். நல்ல பிசியோவிடம் நான்கைந்து அமர்வு அல்லது மூன்று மாத யோகா வகுப்பு, இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம். நடக்க நல்ல செருப்போ ஷூவோ ஆயிரத்தைந்நூறு. மிச்சம் நாற்காலிக்குச் சேமிப்பு. இப்போதே வாங்க வேண்டாம். செக்கிங் அக்காவுக்கு: அமர்வும் செருப்பும்தான் பெரிய செலவு, மீதி வீட்டுக்கு. டெய்லருக்கு: கட்டு மெத்தை, விளக்கு, அமர்வு. நாள் முழுக்க வண்டி ஓட்டுபவருக்கு நாற்காலி என்பதே வண்டியின் சீட்: பின் பாக்கெட் பர்ஸை எடுத்துவிட்டு, கிளட்ச் மிதிக்கும்போது முதுகு சீட்டை விட்டு வராத அளவுக்கு முன்னால் இழுத்து, இடுப்புக்குத் துண்டு வைத்தாலே தொடக்கத்துக்குப் போதும். இறங்கிய உடன் மூட்டை தூக்காமல் இரண்டு நிமிடம் நடந்துவிட்டுத் தூக்குங்கள்.

தொடங்கிய நாளைத் தினசரிக் காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். வலி எத்தனை மார்க் என்று தினமும் அளக்க வேண்டாம். எவ்வளவு நேரம் நடக்க முடிந்தது, ராத்திரி முழித்தீர்களா, குழந்தையைத் தூக்கினீர்களா என்று எழுதுங்கள். ஆறு, எட்டு வாரத்தில் இந்தக் கணக்கில் அசைவே இல்லையென்றால் அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். "ரொம்ப வலிக்குதுங்க" என்று மட்டும் சொல்பவரைவிட, என்ன செய்து பார்த்தோம், எதில் கூடியது, எதில் குறைந்தது என்று சொல்பவருக்கு அவரால் வேகமாக உதவ முடியும்.